பேச்சுன்னு போட்டுக்கங்க

எங்கள் முதல் கூட்டம் ஒரு சொல்லில் முட்டி நின்றுவிட்டது.

"சமூக ஊடகம்" என்று நான் தாளைப் பார்த்து வாசித்ததும் டீக்கடை அக்கா பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அதென்ன ஊடகம்? எனக்கு ஊடு தெரியும். ஊட்டுக்குள்ள நடக்கற சண்ட தெரியும். ஊடகம் தெரியாதே."

எல்லோரும் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீப் அண்ணன் டீயைக் கொட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. அந்தச் சொல் அந்தத் தாளில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

சேலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியை இந்த ஆய்வைத் தொடங்கியிருந்தார். மலையில் இருப்பவர்கள் செல்போனில் என்ன பார்க்கிறார்கள், யாருக்கு என்ன அனுப்புகிறார்கள், அதனால் அவர்களுக்கு என்ன நன்மை, என்ன தொல்லை என்று கேட்டு எழுதுவது. படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு 'மலை மக்கள்' என்று தலைப்புப் போட்டுவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எழுத்துத் தெரியாதவர், கண் மங்கியவர், காது கேளாதவர் எல்லோரும் தாங்களே பதில் சொல்லும்படி கேள்விகள் அமைய வேண்டும். அதற்காகக் கேள்விகளை ஊர்க்காரர்களையே ஆலோசகர்களாக வைத்துக்கொண்டு உருவாக்கச் சொல்லி என்னை அனுப்பினார். நான் அவருக்கு ஆய்வு உதவியாளர்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் கொஞ்சம் பெருமை உண்டு. பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அம்மாவும் அப்பாவும் கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர்கள். 'முதல் பட்டதாரி' என்று தாலுகா ஆபீசில் கொடுத்த சான்றிதழை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். விருந்தாளி யாராவது வந்தால் மாதாவைக் கும்பிடச் சொல்லும் சாக்கில் அதையும் எடுத்துக் காட்டுவார்.

கூட்டத்தை ஏற்காட்டில் ஒரு ஹாலில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். டவர் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் வெள்ளக்கடைப் பாதை வளைவில் இருக்கிற அக்காவின் டீக்கடைதான் என்றார்கள். செல்லைப் பற்றிப் பேசுகிற கூட்டம் செல் எடுக்காத இடத்தில் நடந்தால் நன்றாகவா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கேயே கூடினோம்.

ஆலோசகர்கள் நான்கு பேர். டீக்கடை அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் அவருடைய வாய்ஸ் மெசேஜ் போகாத ஊரில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர், கண் பார்வை மங்கிப்போனவர். அவருடைய போன் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துச் சொல்லும். அவர் மனைவி அனுப்புகிற திட்டையும் கடை முழுக்கக் கேட்கப் படித்துச் சொல்லும். அப்புறம் ஊர் குரூப்பை நடத்துகிற ஜீப் அண்ணன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டுகிறவர். நான்காவது அவருடைய தங்கை. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சேலத்தில் காது கேளாதவர்கள் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் அண்ணன் ஊர் முழுக்க "நானு ஆலோசகரு" என்று சொல்லி வைத்திருந்தார்.

"ஆலோசகரு குடிச்ச டம்ளர ஆலோசகரே கழுவி வெக்கட்டும்" என்றார் அக்கா.

முதல் நாளே அண்ணனின் தங்கை எங்கள் எல்லோருக்கும் சைகையில் பெயர் வைத்துவிட்டாள். அவர்கள் பள்ளியில் அப்படித்தானாம். எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஆளுக்கு ஒரு சைகை. அக்காவுக்கு டீ ஆற்றுகிற கை. ரைட்டருக்கு போனைக் காதில் ஒட்டி வைத்து முகம் சுளிப்பது. எனக்கு வெறும் தலையாட்டல். யார் என்ன சொன்னாலும் "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டிக்கொண்டே எழுதியிருக்கிறேன் போல. அண்ணனுக்கு ஒரு உள்ளங்கையைச் சரித்து, அதன்மேல் மற்றக் கையை வழுக்கி, பொத்தென்று விழவைத்தாள்.

"ஜீப்பு வளைவுல திரும்பறதுங்க" என்று அண்ணன் எனக்கு விளக்கினார், கொஞ்சம் பெருமையாக.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அண்ணனுக்கு அவள் மேல் உயிர். ஆனால் அவளை எது கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும். "டீயா, காப்பியா?" என்று அக்கா அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், "அவளுக்கு டீ போடுங்க" என்பார் அவர். அவர்கள் வீட்டில் இருந்த சைகைகள் கையளவுதான். சோறு, வா, மழை, அம்மா திட்டுகிறாள். உள்ளங்கையில் கட்டைவிரலை மேலே தள்ளினால் செல். வாய்க்கு முன்னால் விரல்களைக் குவித்து விரித்தால் பேச்சு. அந்தப் பேச்சுச் சைகையை ஊரில் மற்றவர்களுக்குத்தான் வைத்திருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரி பேசுகிறாள், அம்மா பேசுகிறாள் என்று. அவளைக் காட்டி யாரும் அந்தச் சைகையைச் செய்து நான் பார்த்ததில்லை. அன்று அது என் மண்டையில் ஏறவும் இல்லை.

ஊடகத்தில் முட்டி நின்றோமே, அதை நகர்த்தியது அண்ணன்தான்.

"தம்பி, இந்தக் கட்டுரையெல்லாம் வேண்டாங்க. 'செல்லுல வீடியோ பாக்கறீங்களா, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பாக்கறீங்க'ன்னு நேரா கேளுங்க. பொட்டப்புள்ளைல இருந்து தாத்தன் வரைக்கும் புரியும்."

ரைட்டர் மேசையைத் தட்டினார். "அதானுங்க. வீடியோன்னா தெரியாத ஆளே கெடையாது."

எனக்கும் பிடித்துப் போயிற்று. அன்று ராசாத்தி போல ஒரு கேள்வி கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு டீ குடித்தோம். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கேள்விகளைக் குரலில் பதிவு செய்வதென்று முடிவு. நான் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"கோயில்ல வாசகம் படிக்கறாப்பல இருக்குது சாமி. கடைசில ஆமென் சொல்லோணும் போல வருது. குடு இங்க."

அக்கா குரலிலேயே பதிவானது. "ஏனுங்க, நல்லாருக்கறீங்களா? செல்லுல வீடியோ பாக்கறீங்களா?" கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றும்.

ஊருக்குள் கொண்டுபோகும் முன் ஆலோசகர்கள் வீடுகளிலேயே கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை ஜீப் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காப்பிப் பழம் பறிக்கிற காலம். வாசலில் பழம் காயப் போட்டு, அவருடைய அம்மா மரப்பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார். பழம் புளித்த வாசனை தெருமுனை வரை வந்தது. ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் நூல்கண்டு நிற்கிற கம்பியில் செல்லைச் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டு கைகளாலும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தி மெஷினை ஓட்டுவாள், மறுபடியும் கைகள் எழும்பும். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அதாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

பதிவை ஓடவிட்டேன். அண்ணன் தனக்குரிய பதிலை அடக்கமாகச் சொன்னார். "எப்பவாச்சும் பாப்பனுங்க. வண்டி ஓட்டறவனுக்கு ஏதுங்க நேரம்." அம்மா சிரித்த சிரிப்பிலிருந்து அது அவ்வளவு உண்மையில்லை என்று தெரிந்தது. அடுத்தது தங்கையின் முறை. பதிவு குரலில் இருந்தது. அவளுக்குக் கேட்காது. வழக்கம்போல அண்ணனே பதில் சொன்னார்.

"அவளுக்கென்னங்க. காத்தால எந்திரிச்சா வீடியோ. துணி தெச்சா வீடியோ. சோத்துத் தட்டுக்கு முன்னால வீடியோ. நாள் முச்சூடும்னு போட்டுக்கங்க."

சொல்லிக்கொண்டே அவள் பக்கம் கையைக் காட்டி, உள்ளங்கையில் கட்டைவிரலைத் தள்ளினார். பிறகு வானத்தில் பெரிதாக ஒரு வட்டம். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அம்மா பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "நான் சொன்னா யாரு கேக்கறா? இப்பக் காலேசுக்காரங்களே ஊடு தேடிக் கேட்டு வந்துட்டாங்க பாரு. பொண்ணு பாக்க வந்தவங்களும் இதயேதான சொல்லிட்டுப் போனாங்க, எந்நேரமும் செல்லும் கையுமா இருக்குதுன்னு. அதப் புடுங்கி வெய்யி. பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் குடு, போதும்."

"செரிம்மா" என்றார் அண்ணன். "அடுத்த வாரம் கீழ போறப்ப மாத்தீட்டு வந்தர்றேன்."

அவளுக்கு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் விரல் செல்லைக் காட்டியதும், அண்ணன் கையால் சின்னச் செல்லில் பொத்தான் அழுத்துவதுபோல் செய்ததும் போதுமாயிருந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள். செல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் தலையாட்டல் இல்லை.

கேள்வி புரிகிறதா என்று பார்க்கத்தான் போயிருந்தேன். நன்றாகவே புரிந்துவிட்டது. அதுதான் தொந்தரவு.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, டவர் எடுக்கிற வளைவில் என் போன் துடித்தது. அவளிடமிருந்து செய்தி. அவள் எழுதுகிற தமிழில் வேற்றுமை உருபும் வினைமுடிவும் பல நேரம் விட்டுப்போகும். கைமொழியில் நினைத்துத் தமிழில் எழுதுகிறவள். ஆனால் சொல்ல வந்தது ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

"நான் வீடியோ பார்க்க இல்லை. நான் பேச."

அடுத்தது: "நீங்கள் கேள்வி தப்பு."

இன்னும் ஒன்று: "பட்டன் போன் வந்தால் அன்று நான் ஊமை."

பஸ் வளைவைத் தாண்டியது, டவர் போய்விட்டது. அடுத்த வளைவு வரைக்கும் பதில் அனுப்ப முடியாமல் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீடியோ என்ற சொல் எங்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அவளுக்கு மட்டும் அதே சொல் கதவைச் சாத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நாள் முழுக்க வேலியோரம் நின்று பேசினால் அது பேச்சு. இவள் தன் தோழிகளோடு பேசுவதற்கு முகமும் கையும் தெரிய வேண்டும், அதனால் அது வீடியோ.

டவர் வந்ததும் பேராசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னேன். நான் போய் அந்த அண்ணனிடம் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணும் நம்ம ஆலோசகர்தானே?" என்றார். "கூட்டத்துல அவங்களே சொல்லட்டும். நீங்க இடம் மட்டும் விட்டுக் குடுங்க."

நாளைக்குக் கூட்டத்தில் சொல்கிறீர்களா என்று அவளுக்கு எழுதினேன். பதிலாக ஒரு தலையாட்டிப் பொம்மையின் படம் வந்தது. சரி என்கிறாளா, என்னைத் திட்டுகிறாளா என்று தெரியவில்லை.

மறுநாள் கடையில் அண்ணன் பெஞ்சின் ஒரு ஓரத்திலும் அவள் மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு அதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏன்டா, காது கேக்காத புள்ளைக்குப் பட்டன் போன் எதுக்கு? முதுகு சொறியறதுக்கா?"

"அம்மா சொல்றாங்கக்கா. வந்தவங்க ஒரு மாதிரி பேசிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் ஆசையா?"

அவள் எழுந்து போய் பிஸ்கட் பாட்டிலுக்கு முன்னால் தன் செல்லைச் சாய்த்து வைத்தாள். எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். சேலத்தில் ஒரு அச்சகத்தில் வேலை செய்கிற தோழிக்கு வீடியோ கால் போட்டாள். திரையில் ஒரு சுருட்டை முடிப் பெண் வந்தாள். வந்ததுமே இரண்டு பேருடைய கைகளும் பறந்தன. ஒரு சத்தமும் இல்லை, பாய்லர் கொதிக்கிற சத்தத்தைத் தவிர. ஆனால் அவ்வளவு இரைச்சலான பேச்சை அந்தக் கடை அதற்கு முன் பார்த்திருக்காது. ஒருத்தியை ஒருத்தி முந்துகிறார்கள், இடைமறிக்கிறார்கள், கோபிக்கிறார்கள், வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறார்கள்.

"அட, என்னாதான்டி சொல்றா?" அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என்னடா நடக்குது, எனக்கும் சொல்லுங்களே!"

"எனக்கும் ஒண்ணும் தெரியலீங்களே" என்றார் ரைட்டர், செல் பக்கம் மூக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு.

திரையில் இருந்த பெண் ரைட்டருக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்துவிட்டாள். கண்ணை அகல விரித்தாள். ஒரு உள்ளங்கையைச் சரித்து, மற்றக் கையை அதன்மேல் வழுக்கி, பொத்தென்று விழவைத்தாள். பிறகு புருவத்தை உயர்த்தினாள்.

"ஏய், அது நானு!" என்றார் அண்ணன். "ஜீப்பு! என்னையப் பத்தியா பேசறாங்க? அந்தப் புள்ளைக்கு எப்படி என்னையத் தெரியும்?"

தங்கை என் போனை வாங்கித் தட்டி என்னிடம் கொடுத்தாள். நான் உரக்க வாசித்தேன். "தோழி கேட்க. மழை. பஸ். தோளில் தங்கை, கையில் டிரங்குப் பெட்டி. வழுக்கி விழ. பெட்டி போக, தங்கை விடவில்லை. அந்த அண்ணன் இவரா?"

நடந்ததை அண்ணன்தான் சொன்னார். பள்ளிக்கு விடுதிக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று, சின்னப் பெண்ணாயிருந்த அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அண்ணன் சேற்றுப் பாதையில் இறங்கியிருக்கிறார். வழுக்கி, அவளை மட்டும் விடாமல், உண்ணிப் புதரில் உட்கார்ந்திருக்கிறார். அவள் போய் அதை விடுதியில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் பெயர் அதுதான். அதில் ஜீப்பும் இல்லை, வளைவும் இல்லை.

"அப்ப இத்தன வருசமா…" என்றார் அண்ணன். "நான் புட்டத்துல விழுந்ததையா பேருன்னு சொல்லிட்டுத் திரியறா?"

அக்கா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளும் சிரித்தாள், திரையில் இருந்தவளும் சிரித்தாள். அண்ணனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஊட்டுல ஒக்காந்துட்டு என்னத்தயோ படம் பாக்கறான்னு இருந்தனுங்க" என்றார் என்னிடம். "என்னையப் பத்தியெல்லாம் பேசுவாளா?"

"நீ என்னைக்காச்சும் அவளக் கேட்டயாடா?" என்றார் அக்கா.

அண்ணன் செல்லைப் பார்த்தபடியே இருந்தார். "தம்பி, நேத்து வீடியோன்னு போட்டீங்கல்ல? அத அடிச்சிருங்க. பேச்சுன்னு போட்டுக்கங்க."

அதற்குப் பிறகு கூட்டம் சந்தைக்கடை ஆயிற்று. வீடியோ கால் என்று தனியாக ஒரு கேள்வி போட்டால் போதும் என்றார் ரைட்டர். அப்படியென்றால் தன் வாய்ஸ் மெசேஜ் எதில் சேரும், பேச்சிலா, கேட்பதிலா என்று அக்கா சண்டைக்கு வந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் எழுதிக் காட்டி மறுத்தாள். கடைசியில் நின்றது இப்படி: செல்லுல யார்கூடவெல்லாம் பேசறீங்க? வாயால பேசறீங்களா, கையால பேசறீங்களா, எழுத்தால பேசறீங்களா? அதைக் கேட்டு முடித்த பிறகுதான் படம் பார்ப்பது பற்றிய கேள்வி. இன்னொரு விதியும் அன்று சேர்ந்தது. யாருக்காகவும் இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது.

அதற்கு மட்டும் அண்ணன் முறுக்கினார். "என்ற தங்கச்சிக்கு நான் சொல்லாம வேற யாருங்க சொல்லுவா?"

"அவ சொல்லுவா. நீ போயி ஜீப்பத் தொடச்சு வெய்யி" என்றார் அக்கா.

கைமொழியில் கேள்விகளை அவளே சொல்லிப் பதிவு செய்தாள். சைகைகளைத் தோழியோடு பேசிச் சரிபார்த்துக்கொண்டாள். கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தைக்க வந்த நீலத் துணி ஒன்றைக் கடைக்குப் பின்சுவரில் கட்டினோம். துணிக்காரிக்குத் தெரிந்தால் தன்னைத் தோலுரித்துவிடுவாள் என்று அவள் எழுதிக் காட்டினாள். செல்லைப் பிடித்தது அண்ணன். நான் எழுதிக் கொடுத்திருந்த நீளமான ஒப்புதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். பங்கேற்க விருப்பமில்லாவிடில் எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அதில் இருந்தது. அவள் அதை இரண்டே அசைவில் சொல்லிவிட்டாள். பிடிக்கலையா, எழுந்து போ. பேராசிரியை அதைப் பார்த்துவிட்டு, குரல் பதிவிலும் அப்படியே மாற்றிவிடுங்கள் என்றார்.

பட்டன் போனைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணன் அந்த வாரம் கீழே சேலத்துக்குப் போய் வந்ததாகத் தெரியும். அம்மா விட்டுவிடுகிற ஆளும் இல்லை. பதிவான கேள்விகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன்.

வாசலில் காப்பி பாதி காய்ந்து கறுத்திருந்தது. ஜன்னல் வழியே தையல் மெஷின் தெரிந்தது. நூல்கண்டுக் கம்பியில் அதே செல். அவளுடைய கைகள் ஏதோ பெரிய சண்டையில் இருந்தன.

அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகப் படியேறிய என்னைக் கையமர்த்தினார்.

"செத்த இருங்க தம்பி. பேசிட்டிருக்குது."

பழக்கத்தில் அவர் விரல்கள் வாய்க்கு முன்னால் போய்க் குவிந்தன. பாதியில் நிறுத்தி, அவற்றைக் கீழே இறக்கி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் அசைத்துக் காட்டினார். அவளிடமிருந்து கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அம்மா பலகையால் காப்பியை இழுத்தபடியே ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்தார்.

"பேச்சு, பேச்சு, எந்நேரமும் பேச்சு. ஒரு ஜாக்கெட்டு தெக்கறதுக்குள்ள ஊர்க்கத பூராவும் பேசியாகோணும். வாயாடி! இவளக் கட்டிக்கிட்டுப் போறவன் என்ன பாடு படப்போறானோ."

ஜன்னலில் அவள் திரும்பினாள். அம்மாவின் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டு, என்ன சொல்கிறாள் என்று அண்ணனிடம் புருவத்தால் கேட்டாள். அண்ணன் அம்மாவைக் காட்டினார், அவளைக் காட்டினார், பிறகு இரண்டு கைகளையும் நிற்காமல் படபடவென்று அடித்துக் காட்டினார்.

அவள் முதலில் புரியாமல் பார்த்து, புரிந்ததும் சிரித்தாள். பிறகு செல் பக்கம் திரும்பி, இதையும் தோழிக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் படியில் உட்கார்ந்து காத்திருந்தோம்.